பெருந்தொற்று வந்தால் இன்னொரு வீட்டுக்குப் போய்விடலாமா? – ஒரு மருத்துவரின் பதில்கள்

நான் பொது மருத்துவர். ஒரு சின்ன ஊரில் 20 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் 12 வருடம் வேலை பார்த்தேன். கோவிட் அலைகள் எல்லாம் ஓய்ந்த பிறகுதான் நகரத்துக்கு மாறினேன். நகரத்தைத் தவிர வேறு ஊரிலும் ஒரு வீடு வைத்திருப்பவர்கள், அந்த ஊரிலேயே வாழ்பவர்கள் என்று இரண்டு தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: டாக்டர், மலையில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது. அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. நகரத்தில் இருப்பதோ அடுக்குமாடிக் குடியிருப்பு, அத்தனை பேருக்கும் ஒரே லிஃப்ட். நாங்கள் அங்கே போனால் எங்களுக்கும் நல்லது, இங்கேயும் நெரிசல் குறையும். இதில் என்ன தப்பு?

பதில்: போக நினைப்பதில் தப்பே இல்லை. எப்போது கிளம்புகிறீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் நகரத்தில் நோய் தலைகாட்டும் முன்பே போய், அங்கேயே இருந்துவிட்டால் யாருக்கும் தொல்லை இல்லை. ஆனால் நிஜத்தில் யாரும் அப்படிக் கிளம்புவதில்லை. ஊரடங்கு அறிவிப்பு வந்த அன்று ராத்திரிதான் பெட்டி கட்டுகிறோம். அதற்குள் கிருமி நகரத்தில் சில வாரங்களாவது சுற்றியிருக்கும்.

2020இல் பரவிய கோவிட் கிருமி உடலுக்குள் போய் அறிகுறி தெரிய ஏறத்தாழ 5 நாள் ஆனது, சிலருக்கு 14 நாள்கூட ஆனது. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்றவும் செய்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறோம் என்று காரில் ஏறுகிற குடும்பத்திலும் ஒருவர் அதைச் சுமந்துகொண்டு போகலாம். அவருக்கே அது தெரியாது.

அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை என்கிறீர்கள். சரி. வழியில் பெட்ரோல் போடுவீர்கள். போய்ச் சேர்ந்த மறுநாள் சாமான் வாங்கப் போவீர்கள். பல மாதம் ஓடாத தண்ணீர் மோட்டார் மக்கர் பண்ணும், அதற்கு ஆளைக் கூப்பிடுவீர்கள். சின்ன ஊரில் கடை ஒன்று, மோட்டார் பார்ப்பவர் ஒருவர். அந்த இரண்டு பேருக்கு வந்தால் ஊருக்கே வந்த மாதிரிதான்.

கேள்வி: உடம்புக்கு முடியாமல் போனால் உடனே நகரத்துக்குத் திரும்பிவிடுவோம், அங்கே உள்ள ஒரு படுக்கையைக்கூட எடுக்க மாட்டோம் என்று முடிவு செய்திருக்கிறோம். அப்படியென்றால் போகலாம் இல்லையா?

பதில்: இந்த வாக்குறுதியை என்னிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். மனதாரத்தான் சொன்னார்கள். ஆனால் கோவிட் மாதிரி நோயில் உடல்நிலை திடீரென்றுதான் இறங்கும். முதல் வாரம் சாதாரணக் காய்ச்சலாகப் போகும். அதன்பின் மூச்சு வாங்கத் தொடங்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்த பிறகும் மூச்சுத்திணறலே தெரியாமல் பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் நாலு மணி நேரம் காரில் போகலாம் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். பக்கத்தில் இருக்கிற சின்ன மருத்துவமனைக்குத்தான் தூக்கி வருவார்கள்.

அங்கே என்ன இருக்கும்? குழாய் வழியாக ஆக்சிஜன் வருவதெல்லாம் பெரிய மருத்துவமனைகளில். எங்களுக்குச் சிலிண்டர்தான். ஒரு பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். ஒருவருக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் அது 12 மணி நேரத்துக்குக்கூட வராது. ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு இரண்டு சிலிண்டர் என்று வையுங்கள். நாலு பேர் படுத்தால் எட்டு. அதை நிரப்பிக்கொண்டு வர வண்டி வெளியூர் போய்த் திரும்ப வேண்டும். நகரத்து மருத்துவமனையில் நாலு நோயாளி கூடினால் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அது ராத்திரி முழுக்க சிலிண்டரின் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார வைக்கிற விஷயம்.

ஒரு ஊர் மருத்துவமனையின் அளவை வருடம் முழுக்க அங்கே வாழ்கிறவர்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அமெரிக்காவின் நான்டக்கெட் தீவு பணக்காரர்களின் கோடை வீடுகளுக்குப் பேர்போனது. அங்கே இருக்கும் மருத்துவமனையில் 14 படுக்கைகள். 2020 மார்ச்சில், கோடை வருவதற்கு முன்பே வீட்டுக்காரர்கள் வந்து இறங்கியபோது தீவுவாசிகள் பயந்தது இதனால்தான்.

கேள்வி: சொந்த வீட்டுக்குப் போகாதே என்று சொல்ல அரசுக்கு உரிமை உண்டா? கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது.

பதில்: நார்வே சொன்னது. அந்த நாட்டில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விடுமுறைக் குடில்கள் உண்டு. வார இறுதியில் குடிலுக்குப் போவது அவர்கள் வாழ்க்கையோடு ஒட்டியது. அப்படிப்பட்ட நாட்டிலேயே 2020 மார்ச்சில், சொந்த ஊராட்சி எல்லைக்கு வெளியே உள்ள குடிலில் இரவு தங்கக் கூடாது என்று விதி போட்டார்கள். மீறினால் 15,000 குரோனர் அபராதம். ஏப்ரல் 20 அன்று விலக்கிக்கொண்டார்கள். சின்ன ஊராட்சிகளின் மருத்துவ வசதி தாங்காது என்பதுதான் காரணம். ஒரு மாதத்துக்கு, சொன்ன காரணத்துக்காக மட்டும் போட்ட விதி என்பதால் எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கால வரையறை இல்லாமல் போட்டிருந்தால் நானும் எதிர்த்திருப்பேன்.

பிரான்ஸில் பலர் கிளம்பியே விட்டார்கள். ஊரடங்கு தொடங்கியபோது பாரிஸ் நகரத்தில் இரவு தங்குவோர் எண்ணிக்கை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்தது. அப்படிக் கிளம்பியவர்களில் மாணவர்கள் உண்டு, சுற்றுலா வந்தவர்கள் உண்டு, கடலோர வீடுகளுக்குப் போனவர்களும் உண்டு.

விதி இருந்தால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கேத்தரின் கால்டர்வுட், வீட்டிலேயே இருங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டவர். அவரே தன் இரண்டாவது வீட்டுக்கு இரண்டு முறை போனது வெளியே வந்ததும் 2020 ஏப்ரல் 5 அன்று பதவி விலகினார். அவர் அங்கே யாருக்கும் நோயைக் கொடுத்ததாகத் தகவல் இல்லை. ஆனாலும் அந்த ஒரு செய்தி, சொன்னபடி வீட்டில் அடைந்து கிடந்தவர்களை எவ்வளவு காயப்படுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: மேடம், கொள்ளைநோய் வந்தால் ஊரைக் காலி செய் என்பதுதானே காலங்காலமாக மனிதர்கள் செய்தது?

பதில்: ஆமாம். ஐரோப்பிய மருத்துவத்தில் பல நூற்றாண்டு புழங்கிய அறிவுரையே மூன்று கட்டளைதான்: சீக்கிரம் கிளம்பு, தூரம் போ, தாமதமாகத் திரும்பு. 1665இல் லண்டனில் பிளேக் வந்தபோது மன்னர் இரண்டாம் சார்லஸ் பரிவாரத்தோடு முதலில் ஹாம்ப்டன் கோர்ட், பிறகு சாலிஸ்பரி, கடைசியில் ஆக்ஸ்போர்டு என்று போய்க்கொண்டே இருந்தார். வசதியுள்ளவர்களும் கிளம்பினார்கள். ஏழைகள் நகரத்திலேயே இருந்தார்கள்.

ஆனால் இதற்கு எதிரான குரலும் அதே அளவு பழையது. பிளேக் இருக்கும் ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் பிளேக் வந்தால் அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்று நபிமொழி சொல்கிறது. கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1527இல் இதைப் பற்றியே ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பிறரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர்கள் விட்டுப் போகக் கூடாது, மற்றவர்கள் போவது பாவமில்லை என்பது அவர் முடிவு. எனக்கு இது பிடிக்கும். யாரையும் கோழை என்று திட்டாமல், உன்னை நம்பி யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கிறது.

இன்னொன்றையும் மறக்க முடியாது. 1918 நவம்பர் 7 அன்று டலூன் என்ற கப்பல் பசிபிக் கடலில் உள்ள மேற்கு சமோவா தீவுகளில் வந்து நின்றது. அதில் இன்ஃபுளுவென்சா நோயாளிகள் இருந்தார்கள், இறங்க அனுமதித்தார்கள். சில வாரங்களில் அந்த மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இறந்துபோனார்கள். பக்கத்தில் இருந்த அமெரிக்க சமோவா கப்பல்களைத் தடுத்து நிறுத்தியது. அங்கே அந்த நோயால் ஒரு சாவுகூட இல்லை.

கேள்வி: நாங்கள் ஏற்கெனவே வந்துவிட்டோம். இப்போது திரும்பிப் போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். இருக்கிற இடத்திலேயே இருங்கள். முதல் 14 நாள் கேட்டுக்கு வெளியே வராதீர்கள். சாமானை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை நகரத்துக்குப் போய் வருவதுதான் மிக மோசம், அதை மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி: நாங்கள் அந்த மாதிரி ஒரு ஊரில்தான் வாழ்கிறோம் டாக்டரம்மா. விடுமுறைக்கு வருகிறவர்கள் நோயையும் கொண்டு வருகிறார்கள். ரோட்டை மறித்துவிடலாம் என்று இளைஞர்கள் பேசுகிறார்கள்.

பதில்: உங்கள் பயம் நியாயம். உங்கள் ஊர் மருத்துவமனை மாதிரி ஒன்றில் இருந்தவள் என்பதால் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ரோட்டை மறிக்க வேண்டாம். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், வைனல்ஹேவன் என்ற தீவில், வெளி மாநிலத்திலிருந்து வந்து தங்கியிருந்த சிலருடைய பாதையில் சிலர் மரத்தை வெட்டிப் போட்டு மறித்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் வேலைக்காக வந்து ஏறக்குறைய ஒரு மாதமாக அங்கேயே இருக்கிறவர்கள், யாருக்கும் நோய் இல்லை.

மறித்தால் வருகிறவர்கள் ராத்திரியில் வருவார்கள். விளக்கைப் போடாமல் இருப்பார்கள். காய்ச்சல் வந்தால் மறைப்பார்கள். மருத்துவருக்கு அதைவிடப் பெரிய தலைவலி கிடையாது. அதற்குப் பதிலாக, வந்தால் தகவல் சொல்லுங்கள், 14 நாள் வெளியே வராதீர்கள், கடைச் சாமானை நாங்கள் கொண்டு வந்து வைக்கிறோம் என்று ஊர் சார்பில் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேராவது கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் இரண்டாவது வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார், வயது 78. அவரைப் பார்த்துக்கொள்ளப் போகலாமா? போகாமல் இருந்தால் குற்ற உணர்ச்சி கொல்கிறது.

பதில்: போங்கள் தம்பி. நீங்கள் ஒருவரை ஆதரிக்கப் போகிறீர்கள், அது வேறு விஷயம். ஆனால் அவருக்கு ஆபத்து உங்களிடமிருந்துதான் வரும். அதனால் கிளம்பும் முன் இங்கேயே 14 நாள் யாரையும் சந்திக்காமல் இருங்கள், முடிந்தால் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். வழியில் எங்கும் தங்காமல் போங்கள். அம்மாவின் மாத்திரைகள் இரண்டு மாதத்துக்கு இருக்கட்டும். ஒருமுறை போனால் அலை அடங்கும் வரை அங்கேயே இருக்க முடியுமா என்று உங்கள் வேலையிடத்தில் முதலிலேயே பேசிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு இந்த வீட்டில் பாதுகாப்பு இல்லை. அடிக்கிறார். அண்ணன் குடும்பத்தின் வீடு ஒன்று வெளியூரில் காலியாக இருக்கிறது. இந்த நேரத்தில் போனால் தப்பாகுமா?

பதில்: தப்பே இல்லை அம்மா. இன்றைக்கே கிளம்புங்கள். மேலே நான் எழுதிய எதுவும் உங்களுக்கு இல்லை. காவல்துறையின் அவசர எண்ணைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள், ஊரடங்கிலும் அது வேலை செய்யும்.

கேள்வி: ஒரு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு. திறந்து உள்ளே போவதில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

பதில்: நிறைய உண்டு. தொற்றுக்குப் பயந்து போய் வேறு நோயில் விழக் கூடாது.

முதலில் தண்ணீர். குழாயிலும் ஹீட்டரிலும் மாதக்கணக்கில் தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். அந்தத் தண்ணீர் துளித்துளியாகக் காற்றில் கலந்து மூச்சோடு உள்ளே போனால் நிமோனியா வரும். ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லாக் குழாயையும் பல நிமிடம் ஓடவிடுங்கள். ஷவரின் தலையைக் கழற்றிக் கழுவுங்கள், தண்ணீர் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்தொட்டியைக் கழுவிய பிறகே நிரப்புங்கள்.

அப்புறம் எலி. எலிப் புழுக்கையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். சில நாடுகளில் அந்தத் தூசி வழியாக ஹான்டா வைரஸ் பரவுகிறது, அதில் நுரையீரலைத் தாக்கும் வகை உயிரையே எடுக்கும். கதவு ஜன்னலை அரை மணி நேரம் திறந்து வைத்துவிட்டு வெளியே நில்லுங்கள். பிறகு கையுறை போட்டு, கிருமிநாசினியால் நன்றாக நனைத்து, ஈரத்தோடு துடைத்து எடுங்கள்.

கடைசியாக, கரண்ட் இல்லை என்று ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்கியவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: வீட்டைப் பார்த்துக்கொள்ள அங்கே ஒருவர் இருக்கிறார். நாங்கள் போனதும் சமையலுக்கும் சுத்தம் செய்யவும் அவர் வரலாமா?

பதில்: நீங்கள் போவதற்கு முந்தைய நாள் வரை வரலாம். போன பிறகு இரண்டு வாரம் வர வேண்டாம், அந்த நாட்களுக்கும் முழுச் சம்பளம் கொடுங்கள். சம்பளம் போய்விடுமே என்று அவர் வந்துதான் ஆவார், வர வேண்டாம் என்று நீங்கள் வாயால் மட்டும் சொன்னால் போதாது.

கேள்வி: நாங்கள் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். வீடு சும்மா கிடக்கிறதே என்றுதான் வருத்தம்.

பதில்: சும்மா கிடக்க வேண்டியதில்லை. அந்த ஊர் மருத்துவமனைக்குப் போன் செய்து, பணியாளர்கள் தங்க இடம் வேண்டுமா என்று கேளுங்கள். எங்கள் செவிலியர்கள் வீட்டுக்குப் போனால் குழந்தைகளுக்குத் தொற்றிவிடும் என்று வார்டுக்கு வெளியே பெஞ்சில் தூங்கிய நாட்கள் உண்டு. அப்போது வெளியூர்க்காரர் ஒருவர் கூப்பிட்டார். அவர் விடுமுறை வீடு மருத்துவமனையிலிருந்து பத்து நிமிட நடை. சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது, எத்தனை பேர் வேண்டுமானாலும் தங்குங்கள், போர்வை அலமாரியில் இருக்கிறது என்றார். ஆறு பேர் முறை வைத்து மூன்று மாதம் அங்கே தூங்கினார்கள்.