பெங்களூருவில் படிக்க வந்திருக்கிறேன். ஊரில் இருக்கும் வங்கிக் கணக்கே போதுமா, கல்லூரியில் தரும் கணக்கைத் தொடங்கலாமா?

பிளஸ் டூ படிக்கும்போது ஊரில் தொடங்கிய கணக்கு இருக்கிறது, இப்போது கல்லூரி வளாகத்தில் ஒரு தனியார் வங்கி மேசை போட்டு ஜீரோ பேலன்ஸ் கணக்கு தருகிறது, எதை வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர்க் கணக்கை மூடாதீர்கள். புதியது வேண்டுமென்றால் தொடங்குங்கள், ஆனால் படிவத்தில் ஆதார் பற்றிய வரி எங்கே வருகிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எனக்கு அதில்தான் அடி விழுந்தது.

நான் தருமபுரிப் பக்கம். 2022ல் இங்கே வந்த முதல் மாதமே வளாகத்தில் ஒரு கணக்குத் தொடங்கினேன். ஐந்தாறு இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். அரசு மானியமும் உதவித்தொகையும் இந்தக் கணக்குக்கு வர ஆதாரை இணைக்கச் சம்மதிக்கிறேன் என்று ஒரு வரி இருந்ததைக் கவனிக்கவில்லை.

அந்த ஆண்டு உதவித்தொகை ஊர்க் கணக்குக்கு வரவே இல்லை. அப்பா வாரம் ஒருமுறை பஸ் ஏறி வங்கிக்குப் போய், பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்ப்பார். "இன்னும் ஏறலப்பா" என்று ஃபோன் செய்வார். கடைசியில் செமஸ்டர் ஃபீஸுக்கு வட்டிக்கு வாங்கினார். பணமோ வளாகத்தில் தொடங்கிய கணக்கில் இரண்டு மாதமாகக் கிடந்தது. அதற்குக் கொடுத்திருந்த சிம்மை நான் ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் எஸ்எம்எஸ்கூடப் பார்க்கவில்லை. அப்பாவிடம் அதைச் சொன்னது இன்றும் மனதை உறுத்துகிறது.

நடந்தது இதுதான். ஆதார் வழியாக அனுப்பப்படும் உதவித்தொகை, விண்ணப்பத்தில் நாம் எழுதிய கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ அமைப்பின் பட்டியலில் ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான் இருக்கும். கடைசியாக எங்கே இணைத்தீர்களோ அங்கேதான் பணம் போகும். கேஒய்சிக்கு, அதாவது வங்கி நம் அடையாளத்தைச் சரிபார்க்க, ஆதார் ஜெராக்ஸ் கொடுப்பது வேறு, இந்த இணைப்பு வேறு. மை ஆதார் தளத்தில் உங்கள் ஆதார் எண்ணைக் கொண்டு நுழைந்து 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் இப்போது எந்த வங்கி என்று காட்டும். மாற்ற வேண்டுமென்றால், எந்த வங்கிக்குப் பணம் வர வேண்டுமோ அங்கே படிவம் கொடுங்கள்.

வளாகக் கணக்கைப் பொறுத்தவரை, படிப்பு முடிந்த பிறகு அது என்ன ஆகும் என்று கேளுங்கள். சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறினால் குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு? அது குறைந்தால் அபராதம் போடுவார்கள், வேலை தேடி அலையும் நேரத்தில்தான் அது கடிக்கும். அபராதத்தால் இருப்பு மைனஸில் போகக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி, ஆனால் பூஜ்யம் வரைக்கும் கரைந்துவிடும். ஸ்டேட் பேங்க் 2020லும், இங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் கனரா வங்கி 2025 ஜூனிலும் சேமிப்புக் கணக்குகளுக்குக் குறைந்தபட்ச இருப்பு நிபந்தனையையே எடுத்துவிட்டன. நானாக இருந்தால் புதுக் கணக்கை இப்படிப்பட்ட பொதுத்துறை வங்கியில்தான் தொடங்குவேன். அப்புறம், எந்த வங்கியானாலும் அடிப்படை சேமிப்புக் கணக்கு கேட்டால் தர வேண்டும். அதற்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது, ஏடிஎம் கார்டும் இலவசம். ஆனால் அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்க முடியாது.

ஏடிஎம்மைப் பற்றி ஒன்று. பெங்களூரு பெருநகரப் பட்டியலில் இருப்பதால் மற்ற வங்கி இயந்திரத்தில் மாதம் 3 முறைதான் இலவசம், பேலன்ஸ் பார்ப்பதும் கணக்கில் சேரும். நம் ஊர்ப்பக்கம் 5 முறை. ஊர்க் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் ஏடிஎம் உங்கள் ஹாஸ்டல் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், யுபிஐயும் சேர்த்து, அந்த ஒரு கணக்கே நான்கு வருடத்துக்குப் போதும்.

பெங்களூரு முகவரிச் சான்று இல்லையே என்று தயங்க வேண்டாம். பிஜி விடுதி உரிமையாளரிடம் வாடகை ஒப்பந்தம் வாங்குவது பெரும்பாடு என்று எனக்குத் தெரியும். ஆதாரை வைத்துக் கணக்குத் தொடங்குபவர் இப்போது இருக்கும் முகவரியைத் தானே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம் என்று 2019லேயே விதியைத் திருத்திவிட்டார்கள். கிளையில் மறுத்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் தயவுசெய்து பிடிவாதமாக இருங்கள். "உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, மாதம் ஐயாயிரம் தருகிறேன்" என்று சீனியரே வந்து கேட்டாலும் கார்டையோ சிம்மையோ கொடுக்காதீர்கள். ஆன்லைன் மோசடிப் பணத்தை இப்படி மாணவர்களின் கணக்கு வழியாகத்தான் கடத்துகிறார்கள். கணக்கு முடங்கும், போலீஸ் தேடி வரும்போது உங்கள் பெயர்தான் இருக்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே கார்டை பிளாக் செய்துவிட்டு, வங்கியில் எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள், வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.