தேம்ஸ் ஓட்டுச் சில்லுகள்: வாங்கியவை அசல்தானா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். இணைய ஏலத்தில் 12 ஓட்டுச் சில்லுகளை 60 பவுண்டுக்கு வாங்கினேன். ‘முதலாம் எலிசபெத் காலத்து ஆங்கில டெல்ஃப்ட், தேம்ஸ் ஆற்றில் கிடைத்தது’ என்று விற்றவர் எழுதியிருந்தார். வெள்ளைப் பரப்பில் நீலச் சித்திரம் இருக்கிறது. இவை உண்மையானவையா? அடுத்த மாதம் மதுரைக்குப் போகும்போது அப்பாவுக்கு எடுத்துப் போகலாமா?

பதில்: பயண நாள் நெருங்குவதால் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இப்போதைக்கு எடுத்துப் போகாதீர்கள். பிரிட்டன் மண்ணிலோ ஆற்றிலோ கிடைத்த, 50 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை நாட்டை விட்டுக் கொண்டுபோக ஏற்றுமதி உரிமம் வேண்டும். அதன் விலை என்ன என்பது கணக்கே இல்லை. கடையில் வாங்கியிருந்தாலும் இதே விதிதான். இங்கிலாந்துக் கலை மன்றத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். முழுத் தட்டுக்கும் நகம் அளவு சில்லுக்கும் ஒரே வழி வைத்திருப்பது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. ஆனாலும் சட்டம் அதுதான். விற்கிறவர்கள் இதை ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை.

இனி சில்லுகளுக்கு வருவோம். டெல்ஃப்ட் என்பது வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சுப் பூசிச் சுட்ட மண்பாண்டம். நீலச் சித்திரத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சில்லைத் திருப்பி, உடைந்த விளிம்பை வெயிலில் பாருங்கள். வெள்ளீயப் பூச்சுப் பாண்டமாக இருந்தால், உள்ளே இருக்கும் மண் வைக்கோல் நிறத்திலோ, வெளிர் சிவப்பிலோ, சுண்ணாம்புக் கட்டிபோல மென்மையாகத் தெரியும். அதன்மேல் வெள்ளைப் பூச்சு தனி ஏடாகப் படிந்திருக்கும். ஓரங்களில் பெயர்ந்தும் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீரை அந்த விளிம்பில் வையுங்கள். மண் உடனே உறிஞ்சிக்கொள்ளும். நாக்கில் ஒட்டிப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. அந்தப் பூச்சில் ஈயம் இருக்கிறது, ஆற்றிலோ சாக்கடை கலக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

விளிம்பு முழுவதும் ஒரே வெள்ளையாக இருந்து, நீலம் அச்சடித்ததுபோல நுண்புள்ளிகளாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் அச்சுச் சித்திரத் தட்டு. தேம்ஸ் கரையில் அது கொட்டிக் கிடக்கிறது. ‘டெல்ஃப்ட்’ என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி இதுதான் என்பது என் அனுபவம். வெள்ளீயப் பூச்சில் ஓவியர் சுடாத பூச்சுத் தூளின் மேலேயே தூரிகையை ஓட்டினார். ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். தவறினால் அழிக்க முடியாது. அந்த வேகத்தைக் கோட்டில் பார்க்கலாம். நீலமும் ஓரத்தில் சற்றே கரைந்து நிற்கும்.

‘எலிசபெத் காலத்து’ என்பதை நான் நம்பமாட்டேன். ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்த ஜாஸ்பர் ஆண்ட்ரீஸ், ஜேக்கப் யான்சன் என்ற இரு குயவர்கள் 1567இல் நார்விச்சில் தொழில் தொடங்கினார்கள். 1571 வாக்கில் யான்சன் லண்டன் ஆல்ட்கேட்டுக்கு வந்தார். ஆண்டு குறிக்கப்பட்ட மிகப் பழைய லண்டன் தட்டில் இருப்பது 1600; அரசியைக் கடவுள் காக்கட்டும் என்ற வாழ்த்து அதன் விளிம்பைச் சுற்றி எழுதப்பட்டிருக்கிறது. அரசி இறந்தது 1603. கரையில் கிடைப்பவை பெரும்பாலும் பின்னால், ஆற்றின் தென்கரையில் உள்ள சதக், லாம்பெத் பகுதிகளின் சூளைகள் ஓங்கிய காலத்தவை. தட்டின் முதுகில் வெள்ளைக்குப் பதில் மஞ்சளோ பச்சையோ கலந்த கண்ணாடி போன்ற ஈயப் பூச்சு மட்டும் இருந்தால், 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியாக இருக்க வாய்ப்புண்டு. வெள்ளீயம் விலை கூடியது. கண்ணில் படாத பக்கத்துக்கு அதைச் செலவிடவில்லை.

‘ஆங்கில’ என்ற சொல்தான் எனக்குப் பெரிய தலைவலி. ஹாலந்திலிருந்து வந்த சில்லையும் லண்டனில் செய்த சில்லையும் வெறும் கண்ணால் பிரிப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். இதற்கு ஒரு விலக்கு உண்டு: சூளைக் கழிவு. முதல் சூட்டோடு நின்றுபோன, பூச்சே ஏறாத ஓடு. உடைந்த விளிம்பின் மேலேயே பூச்சு வழிந்து படிந்த ஓடு. ஒன்றோடொன்று ஒட்டிப்போன இரு தட்டுகள். சூளையில் தட்டுகளைத் தாங்கிய, மூன்று கால் உள்ள மண்துண்டு. பாழாய்ப்போன சரக்கை யாரும் கடல் கடந்து கொண்டுவரமாட்டார்கள். ஆகவே இவை உள்ளூர்ச் சூளையின் சாட்சி. இதிலும் கவனம் தேவை. ஆற்றில் உருண்டு பூச்சு முழுக்க உதிர்ந்த ஓடும் பூச்சேறாத ஓடுபோலவே தோன்றும். அடிவளையத்தின் மூலையில், பள்ளங்களில், பொட்டளவு வெண்மை ஒளிந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள். இருந்தால் அது கழிவு அல்ல. கழிவே ஆனாலும், அதைக் கரை மேடாக்க வண்டி வண்டியாகக் கொட்டினார்கள். அதனால் கிடைத்த இடம்தான் சூளை இருந்த இடம் என்று சொல்லிவிட முடியாது.

இதனால்தான் எந்த இடத்தில் கிடைத்தது என்ற குறிப்பு சித்திரத்தைவிட முக்கியம். இடைத்தரகர்கள் முதலில் தொலைப்பது அதைத்தான். பல கைகளிலிருந்து வாங்கிக் கலந்து, பன்னிரண்டாக எண்ணிப் பொட்டலம் கட்டுகிறார்கள். சிலர் துளையிட்டுப் பதக்கமும் ஆக்குகிறார்கள். விற்றவருக்கு இன்றே எழுதி, ஒவ்வொன்றும் எந்தப் படித்துறை அருகே, யாரால், உரிமத்தோடு எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் இனி அவரிடம் வாங்காதீர்கள்.

நீங்களே பொறுக்க நினைத்தால், கரையில் குனிந்து தேடுவதற்கே லண்டன் துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். 300 ஆண்டுக்கு மேற்பட்டதைத் தொல்பொருள் அலுவலரிடம் காட்டவும் வேண்டும். 2022 நவம்பரில் புதிய உரிமங்களை நிறுத்தினார்கள். பிறகு வந்தது நீண்ட காத்திருப்புப் பட்டியல். நேர்மையாக விண்ணப்பித்தவர் வரிசையில் நிற்க, ஏலத்தில் சில்லு வியாபாரம் தடையின்றி நடப்பது வேதனை. அதுவரை சவுத் கென்சிங்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் மட்பாண்டக் கூடங்களுக்குப் போய் வாருங்கள், கட்டணம் இல்லை. முழுத் தட்டுகளைப் பார்த்த கண்ணுக்குச் சில்லு விரைவில் பிடிபடும். மறுபடி எழுதும்போது முகப்பின் படத்தோடு முதுகையும் உடைந்த விளிம்பையும் படமெடுத்து அனுப்புங்கள்.