வீடியோ மீட்டிங்கில் கூட உட்கார்ந்திருப்பது யார்? கேள்வி பதில்

மண்டபம், பாம்பன் பக்கத்து நண்டு, இறால் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர், நெட் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். வெளிநாட்டு பையரோடு (சரக்கு வாங்குபவரோடு) விலை பேசுவது இப்போது பெரும்பாலும் வீடியோவில்தான், ஆனால் பல இடங்களில் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பேசுகிறார்கள். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில் கீழே.

கேள்வி (தங்கச்சிமடம்): அண்ணே, எங்கள் கம்பெனியில் ரெண்டு வருஷமாக ஒரே ஜூம் லிங்க்தான். யாரும் உள்ளே வந்து தொல்லை கொடுத்ததில்லை. மாற்றணுமா?

பதில்: கண்டிப்பாக மாற்று தம்பி. அது உன் கணக்கோடு ஒட்டிய நிரந்தர எண். வேலையை விட்டுப் போனவர், போன சீசனில் விலை கேட்ட ஏஜெண்ட் என்று எத்தனை பேர் வாட்ஸ்அப்பில் அது கிடக்கிறதோ, அத்தனை பேரும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வருகிறவன் தொல்லை கொடுத்தால் உடனே தெரிந்துவிடும், பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பவன்தான் ஆபத்து. நானே ஒரு கம்பெனியில் பார்த்தேன். கிலோ விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஆள் பட்டியலில் 'ஐபோன்' என்று ஒரு பெயர், கேமரா இல்லை, மைக் ம்யூட். பையரோடு வந்தவர் என்று நம் ஆட்கள் நினைத்தார்கள், நம் ஆள் என்று பையர் நினைத்தார். அரைமணி நேரம் கழித்து "ஐபோன் யாருங்க?" என்று நான் கேட்டதும் அந்தப் பெயர் மறைந்துவிட்டது. கடைசி விலை முழுக்க அதற்குள் பேசி முடித்தாயிற்று.

அதனால் ஒவ்வொரு மீட்டிங்குக்கும் புது எண், பாஸ்கோடு, வெயிட்டிங் ரூம் (நீ அனுமதிக்கும் வரை வருகிறவரை வெளியே நிறுத்தி வைப்பது) வை. அழையாத ஆட்கள் நுழைந்து கலாட்டா செய்தார்கள் என்றுதான் 2020 ஏப்ரலில் ஜூம் பாஸ்கோடு, வெயிட்டிங் ரூம் ரெண்டையும் தானாகவே போட்டுவைத்தது, நம் ஆட்கள் ஒவ்வொருவராக அனுமதிக்கச் சோம்பல்பட்டு அணைத்துவிடுகிறார்கள். பெயர் சரியில்லாதவரைக் கேட்காமல் உள்ளே விடாதே, எல்லாரும் வந்ததும் மீட்டிங்கை லாக் பண்ணிவிடு.

கேள்வி (வேதாளை, கடல்பாசி மகளிர் குழு): ஜூம், கூகுள் மீட், வாட்ஸ்அப், இதில் எது நம்பிக்கையானது?

பதில்: அக்கா, குழுவுக்குள் பேச வாட்ஸ்அப் போதும். 32 பேர் வரை பேசலாம், பேசுகிறவர்கள் தவிர நடுவில் யாரும், அந்தக் கம்பெனியே கூட, கேட்க முடியாதபடி எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் தானாகவே இருக்கிறது. ஜூமில் அதை நீங்கள்தான் செட்டிங்ஸில் போய்ப் போட வேண்டும், போட்டால் கிளவுடில் ரெக்கார்டு பண்ண முடியாது, சாதாரண போன் காலில் சேர முடியாது. அந்தப் பாதுகாப்பு இல்லாத காலத்திலேயே இருப்பதாகச் சொல்லிக்கொண்டதற்காக ஜூம் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2020 நவம்பரில் சமரசம் ஆனது. கூகுள் மீட்டும் நல்லதுதான், லிங்க் மட்டும் கைமாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கீழக்கரை): பையரோடு பேசும்போது போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது எங்கள் பசங்களுக்கு வழக்கம். அதில் என்ன வந்துவிடப் போகிறது?

பதில்: பாய், 2020 நவம்பரில் ஐரோப்பிய யூனியன் பாதுகாப்பு அமைச்சர்களின் ரகசியக் கூட்டத்துக்குள் ஒரு நெதர்லாந்து நிருபர் நுழைந்தார். ட்விட்டரில் போட்ட ஒரு போட்டோவில் ஆறு இலக்க பின் எண்ணில் ஐந்து தெரிந்ததுதான் அவருக்கு வழி. மீட்டிங் முடிந்த பிறகு, திரையில் எண்ணும் விலைப்பட்டியலும் தெரியாத படமாக இருந்தால் வைக்கட்டும்.

கேள்வி (தொண்டி): முதலாளி துபாயில் இருக்கிறார். வீடியோவில் வந்து பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பிவிடுகிறேன். முகத்தைத்தான் பார்க்கிறேனே?

பதில்: முகத்தை நம்பி அனுப்பாதீர்கள் அண்ணே. ஹாங்காங்கில் அரூப் என்ற பெரிய பொறியியல் கம்பெனியின் ஊழியர் ஒருவர் வீடியோ மீட்டிங்கில் மேலதிகாரிகளைப் பார்த்து, பேசி, 15 தவணையாக 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். அந்தக் கூட்டத்தில் இவரைத் தவிர மற்ற எல்லாரும் கம்ப்யூட்டரில் செய்த போலி உருவங்கள். இது 2024-ல் வெளியே வந்தது. உங்கள் முதலாளியின் பழைய நம்பர் உங்கள் போனில் இருக்குமே, மீட்டிங்கை முடித்துவிட்டு அதற்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும். பையர் "பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது" என்றாலும் இதே வழிதான். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் பண்ணுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

கேள்வி (ஏர்வாடி): ஸ்கிரீன் ஷேர் பண்ணும்போது என்ன கவனிக்கணும்?

பதில்: முழுத் திரையைக் காட்டாமல் அந்த எக்ஸெல் ஜன்னலை மட்டும் காட்டுங்கள். போனில் ஷேர் பண்ணினால் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள், மேலே ஓ.டி.பி. வந்து விழும்.

கேள்வி (பாம்பன்): காற்றடி காலத்தில் நெட் விட்டுவிட்டு வருகிறது. நான்தான் ஹோஸ்ட், நடுவில் நான் விழுந்துவிட்டால்?

பதில்: காசு கட்டிய ஜூம் கணக்கு என்றால் ஆரம்பத்திலேயே நம்பகமான ஒருவரைக் கோ-ஹோஸ்ட் (மீட்டிங்கை உன்னோடு சேர்ந்து நடத்துபவர்) ஆக்கிவிடு, வெயிட்டிங் ரூமை அவர் பார்த்துக்கொள்வார். லாக் பண்ணின மீட்டிங்குக்குள் விழுந்தவர் திரும்பி வர முடியாது, அவர் போன் பண்ணினால் லாக்கைத் திறந்து, குரலைக் கேட்டு, உள்ளே விட்டுவிட்டு மறுபடி பூட்டச் சொல். பக்கத்துக் கடை வைஃபைக்கு மாறாதே, இன்னொரு சிம்மில் ரீசார்ஜ் போட்டு ஹாட்ஸ்பாட்டுக்குத் தயாராக வைத்துக்கொள்.