பழைய டீசல் அம்பாசிடரில் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் பெல்ட் ஃபேனை எடுத்துவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போடலாமா? மைலேஜ் கூடும் என்கிறார்கள், ஒயரிங் தீப்பிடிக்கும் என்றும் பயமுறுத்துகிறார்கள். எது உண்மை?

போடலாம். ஒழுங்காகப் போட்டால் தீப்பிடிக்காது. மைலேஜுக்காக மட்டும் என்றால் போடாதீர்கள்.

கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் "ஒயரிங் தீப்பிடிக்கும்" என்பதைப் படித்த பிறகு இதோடு நிறுத்த மனம் வரவில்லை. நான் கிருஷ்ணகிரியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். வண்டி எங்கே புகைந்தாலும், காரணம் பார்க்கும் முன்பே "ஒயரிங் ஷார்ட்" என்று எங்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள். மாருதி 800 வந்தது 1983-ல். அதில் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருப்பதால் பெல்ட்டில் ஃபேன் ஓட்ட வழியில்லை, ஆரம்பத்திலிருந்தே எலக்ட்ரிக் ஃபேன்தான். அதற்குப் பிறகு வந்த சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றிலும் அதே கதைதான். நாற்பது வருஷமாக ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு சாமான் திடீரென்று அம்பாசிடரில் ஏறியதும் ஏன் தீப்பிடிக்க வேண்டும்? பிடிப்பது ஃபேன் இல்லைங்க. 15 ஆம்பியர் இழுக்கிற மோட்டாருக்குப் பார்க் லைட் ஒயரைக் கொடுத்து, நடுவில் ஒரு ஃபியூஸ்கூட வைக்காமல் விடுகிறார்களே, அந்த வேலைதான் பிடிக்கிறது.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. வீட்டில் பெரியவர் ஓட்டிய வண்டியாக இருக்கும். 2014-லேயே அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது, விற்றால் இரும்பு விலைக்குக் கேட்பார்கள், விற்கவும் மனசு இருக்காது. தொப்பூர் ஏற்றத்திலோ நெரிசலிலோ டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டிருக்கும். யாரோ "ஃபேனை மாத்திடுங்க" என்றிருப்பார்கள். இதே நிலைமையில் என்னிடம் வந்த ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன், உங்களுக்கு வேண்டிய விஷயம் முக்கால்வாசி அதிலேயே இருக்கிறது.

காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் 1500 டீசல் அம்பாசிடரைக் கொண்டுவந்தார். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் ஏற்கெனவே எலக்ட்ரிக் ஃபேன் போட்டிருந்தார்கள்.

"நின்னா ஒண்ணும் இல்ல தம்பி, மணிக்கணக்கா ஓடவிடலாம். ரோட்ல அறுபதுல போனாத்தான் முள்ளு ஏறுது."

"ரேடியேட்டர் பார்த்தாங்களா சார்?"

"ரேடியேட்டரை மாத்தணும்னாங்க. இன்னொருத்தரு ஹெட் கேஸ்கட் போயிருக்கும், எஞ்சினை இறக்கணும்னாரு. ரெண்டும் சேர்த்தா வண்டி விலையே வந்துரும்போல இருக்கு."

நின்றால் ஹீட், ஓடினால் சரி என்பதுதான் வழக்கமான புகார். நின்றால் சரி, ஓடினால் ஹீட் என்றால் ரேடியேட்டர் அடைப்பாகவும் இருக்கலாம், காற்றில் ஏதோ தப்பாகவும் இருக்கலாம். காற்றைப் பார்ப்பது சுலபம். வண்டி அறுபதில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், அங்கே ஃபேனுக்கு வேலையே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஃபேனைப் போடச் சொல்லி, ஒரு தினசரித் தாளை கிரில்லுக்கு முன்னால் பிடித்தேன். தாள் உள்ளே இழுபட்டு கிரில்லில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது என் நெஞ்சில் வந்து ஒட்டிக்கொண்டது. கையை நீட்டினால் எஞ்சின் சூடு விரலில் அடிக்கிறது.

பழைய மாருதி ஃபேன் ஒன்றை எடுத்து ரேடியேட்டருக்கு முன்பக்கம் மாட்டியிருந்தார்கள். அது ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கச் செய்த ஃபேன். முன்னால் மாட்டியதும் எஞ்சின் பக்கத்துச் சூட்டை இழுத்து கிரில் வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வண்டி நிற்கும்போது எப்படியோ கொஞ்சம் காற்று ரேடியேட்டர் வழியாகப் போகிறது, டீசல் எஞ்சினுக்கு ஐடிலில் சூடும் குறைவு, அதனால் தப்பித்தது. ஓட ஆரம்பித்ததும் வெளிக்காற்று உள்ளே வரப் பார்க்கிறது, ஃபேன் வெளியே தள்ளப் பார்க்கிறது, ரெண்டும் மோதி ரேடியேட்டரில் காற்றே இல்லை. இதற்கா எஞ்சினை இறக்குவது?

"ஒயரை மாத்திக் கொடுத்தா திருப்பிச் சுத்துமே" என்று நீங்கள் கேட்கலாம். சுற்றும், காற்றும் உள்ளே வரும். ஆனால் இறக்கையின் வளைவு ஒரு திசைக்குத்தான் செய்யப்பட்டிருக்கிறது. தலைகீழாகச் சுற்றினால் கரன்ட்டை முழுசாகக் குடித்துவிட்டுக் காற்றைக் குறைவாகத்தான் கொடுக்கும். இழுக்கிற ஃபேனைப் பின்னால்தான் மாட்ட வேண்டும்.

அடுத்தது சுவிட்ச். டேஷ் போர்டில் சாதாரண டாகிள் சுவிட்ச் ஒன்று. சார் அதைக் கைக்குட்டையை வைத்துத்தான் தட்டினார். ஏன் சார் என்றேன். "தொட்டா சுடுது தம்பி, அதான்" என்றார். அவருக்கு அது பழகிப்போயிருந்தது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. டேஷுக்கு அடியில் கையை விட்டு இழுத்தால், சாவி சுவிட்சிலிருந்து மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்று நேராக ஃபேனுக்குப் போகிறது. ரிலே (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டை ஆன் பண்ணும் சாமான்) இல்லை, ஃபியூஸ் இல்லை. ஜாயின்ட்டில் டேப் உருகி வழிந்து, கனெக்டர் பிளாஸ்டிக் காப்பி நிறத்துக்கு வந்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. சாரும் அவருடைய வீட்டம்மாவும் பேரப்பிள்ளைகளும் அந்த வண்டியில்தான் சேலம் போய் வந்துகொண்டிருந்தார்கள். இது எரிந்திருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும்? எலக்ட்ரிக் ஃபேன் போட்டான், எரிஞ்சு போச்சு என்றுதான்.

நான் செய்ததைச் சொல்கிறேன், உங்கள் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். பேட்டரியிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ம் நம்பர் பின். 87-லிருந்து ஃபேனுக்கு. 86-க்குச் சாவி போட்டால் வரும் கரன்ட். 85 தெர்மோ சுவிட்ச் (தண்ணீர் சூடானதும் தானாக ஆன் ஆகும் சுவிட்ச்) வழியாக எர்த்துக்குப் போகும். ரிலேயை இயக்கக் கால் ஆம்பியருக்கும் குறைவாகப் போதும், அதனால் சாவி சுவிட்சுக்குப் பாரமே கிடையாது. ஃபேனின் எர்த்தைப் பெயின்ட்டைச் சுரண்டிய பாடியில் கொடுக்க வேண்டும், எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டையும் திடமாக இருக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றுகிற ஜாயின்ட் ஒன்றுகூட இருக்கக் கூடாது, லக் வைத்து கிரிம்ப் பண்ண வேண்டும்.

தெர்மோ சுவிட்ச் எத்தனை டிகிரி என்பது முக்கியம். எஞ்சின் சூடான பிறகுதான் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு தெர்மோஸ்டாட். அது 82 டிகிரியில் திறப்பது என்றால், ஃபேன் சுவிட்ச் 92 அல்லது 95-ல் ஆன் ஆகி, அஞ்சு டிகிரி இறங்கினதும் ஆஃப் ஆகிற மாதிரி வாங்குங்கள். 82-க்கும் கீழே ஆன் ஆகிற சுவிட்சை மாட்டினால் ஃபேன் நிற்கவே நிற்காது. அம்பாசிடரில் ஒரு வசதி, ரேடியேட்டர் பித்தளை. ரேடியேட்டர் பட்டறையில் கீழ் டேங்கில் ஒரு நட்டைப் பற்றவைத்துத் தருவார்கள், சுவிட்சை அதில் முறுக்கிவிடலாம். பிளாஸ்டிக் டேங்க் வண்டிகளில் இது நடக்காது.

அந்த வண்டியில் தெர்மோஸ்டாட்டே இல்லை. ஹீட் ஆகிறது என்றதும் முதல் காரியமாக அதைக் கழற்றி எறிவது நம்ம பக்கம் வழக்கமாகிவிட்டது. மெக்கானிக் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பாதிப் பேர் இதைச் செய்வதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, குளிர்ந்தே ஓடித் தேயும். புதிதாக ஒன்று வாங்கி மாட்டச் சொன்னேன்.

பட்டறையில் ரேடியேட்டரின் மேல் டேங்கைத் திறந்தபோது குழாய் வாயெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து கிடந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரித் தண்ணீரைப் பற்றிச் சொல்லவா வேண்டும். பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ரேடியேட்டரை அடைப்பது ஃபுளோரைடு இல்லை, அதே போர் தண்ணீரில் இருக்கும் உப்பும் சுண்ணாம்பும். நமக்குக் குடிக்க ஆகாத தண்ணீரை வண்டிக்கு மட்டும் ஏன் ஊற்றுகிறோம்? கூலன்ட்டை பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். மூடி பிரஷரைப் பிடித்தால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும்.

ஒரு சின்ன விஷயம், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பெல்ட் ஃபேனைப் பிடித்திருக்கும் அதே போல்ட்டுகள்தான் வாட்டர் பம்ப் புல்லியையும் பிடித்திருக்கின்றன. ஃபேனை எடுத்த பிறகு பழைய நீள போல்ட்டையே திருப்பி முறுக்கினால், நுனி போய் அடியில் முட்டிக்கொள்ளும். முறுக்கு ஏறினது போலத் தெரியும், புல்லி லொடலொடவென்று ஆடும். ஃபேனின் தடிமன் எவ்வளவோ, பழையதைவிட அவ்வளவு நீளம் குறைந்த போல்ட் வாங்குங்கள். ஃபேனை ரேடியேட்டர் கோருக்குள் பிளாஸ்டிக் டேக் குத்திக் கட்டவும் விடாதீர்கள். சார் வண்டியில் டேக் உரசி உரசி ஒரு குழாயில் பச்சைக் கறை பிடித்திருந்தது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஒழுகியிருக்கும். பட்டை இரும்பில் கால் அடித்து, டிங்கரிடம் தகட்டில் ஒரு கூடு செய்து மாட்டினோம். கூடு இல்லாவிட்டால் இறக்கை சுற்றும் வட்டத்துக்கு மட்டும்தான் காற்று வரும், நாலு மூலையும் சும்மா கிடக்கும்.

சார் அதன் பிறகு தொப்பூரில் ஒரு லாரி கவிழ்ந்த நெரிசலில் மாட்டிக்கொண்டு அங்கிருந்தே போன் பண்ணினார். ஃபேன் தானாக ஓடுது, நிக்குது, முள் நடுவிலேயே இருக்குது தம்பி என்றார். எனக்கு அன்றைக்கு அது போதும்.

இனி மைலேஜ். பெல்ட் ஃபேன் எஞ்சின் பவரைத் தின்பது உண்மை. சுற்று இரண்டு மடங்கானால் அது தின்னும் பவர் எட்டு மடங்காகும், தேவையில்லாத நேரத்திலும் தின்னும். எலக்ட்ரிக் ஃபேன் தேவைப்பட்டால் மட்டும் ஓடும். ஆனால் அதன் கரன்ட்டும் எஞ்சின் சுற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்துதான் வருகிறது. கொஞ்சம் மிச்சமாகும், டயர் காற்றைச் சரியாக வைத்தாலே கிடைக்கிற அளவு. இதற்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்கச் சொல்லும் ஆளை நம்பாதீர்கள்.

மைலேஜ் என்றதும் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்கள், சில பேர் எஞ்சினையே நிறுத்திவிடுகிறார்கள். கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து டிரம் கொதித்து, கடைசியில் மிதித்தால் பிடிக்காது. எஞ்சினை நிறுத்தினால் லாரியில் ஏர் கம்ப்ரஸரும் நின்றுவிடும், இருக்கிற காற்று தீர்ந்தால் அவ்வளவுதான். இரட்டைப் பாலத்துக்கிட்ட முன்னால் போகிற காரில் இருப்பவன் என்ன பாவம் செய்தான்? கடைக்கு வருகிற ஒவ்வொரு டிரைவரிடமும் சொல்கிறேன். "ஓனர் டீசலை அளந்து கொடுக்கறாருங்கண்ணா" என்கிறார்கள். அந்த ஓனர்களுக்கு யார் சொல்வது?

விஷயத்துக்கு வருகிறேன். "கம்பெனிக்காரன் வைத்ததை ஏன் மாற்ற வேண்டும்" என்று இங்கே ஒருவர் நிச்சயம் எழுதுவார். அதிலும் நியாயம் இருக்கிறது. பெல்ட் ஃபேனுக்கு ஒயர் இல்லை, ரிலே இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஏற்றத்தில் இரண்டாவது கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது ஃபேனும் சேர்ந்து வேகமாகச் சுற்றும். அது திணறுவது ஐடிலில் மட்டும்தான். அதனால் மாங்காய் சீசனில் லோடு ஏற்றும் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே வேண்டாம். அந்தப் பாரத்துக்குத் தேவையான காற்றைச் சின்ன மோட்டார் தராது. விஸ்கஸ் ஃபேன் (சூடு ஏறினால் இறுகிப் பிடிக்கும் எண்ணெய்க் கப்ளிங் வைத்த பெல்ட் ஃபேன்) இருந்தால், வண்டி நன்றாகச் சூடான பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் லேசாகச் சுற்றினாலோ, நடுவில் எண்ணெய் கசிந்திருந்தாலோ கப்ளிங் போய்விட்டது. அதை மட்டும் மாற்றினால் போதும்.

உங்கள் அம்பாசிடரில் ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய காலத்து டைனமோ இருந்தாலும் வேண்டாம். அது தருவது இருபது ஆம்பியரைச் சுற்றித்தான். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து பத்து எடுக்கும், ஃபேன் பத்திலிருந்து பதினைந்து எடுக்கும், கிளம்பும் நொடியில் அதற்கும் மேல். ராத்திரி மழையில் வைப்பரும் சேர்ந்தால் பேட்டரி இறங்கிவிடும். ஆல்டர்னேட்டர் இருந்தாலும் ஐடிலில் அதன் மேலே எழுதியிருக்கும் ஆம்பியர் வராது, ஃபேன் அதிகம் ஓடப்போவதும் ஐடிலில்தான். முதலில் ஐடிலில் லைட்டைப் போட்டு, மாட்டப்போகும் ஃபேனையும் ஃபியூஸோடு தற்காலிகமாகக் கொடுத்து ஓடவிட்டு, பேட்டரியில் வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். 13-க்கு மேலே நின்றால் தைரியமாக வேலையை ஆரம்பிக்கலாம். 12.5-க்குக் கீழே இறங்கினால் முதலில் ஆல்டர்னேட்டரைக் கவனியுங்கள்.

மாட்டிய பிறகு வீட்டில் எல்லோருக்கும் ஒன்று சொல்லி வையுங்கள். எஞ்சின் நின்றிருந்தாலும் சாவி ஆனில் இருந்தால் இந்த ஃபேன் எந்த நொடியிலும் ஓட ஆரம்பிக்கும். பெல்ட் ஃபேன் பழக்கத்தில் பானெட்டைத் திறந்து கையை விடக் கூடாது. சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே தொட வேண்டும்.