டிஸ்க்கின் பெயர் வேறு, ஐடி வேறு: பழைய ஃப்ளாப்பி வாங்கியவர்களின் கேள்விகளும் பதில்களும்

(கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டரின் கட்டளைகளைத் தமிழில் உச்சரிப்பாகத் தந்திருக்கிறோம். கீபோர்டில் அந்தந்த ஆங்கில எழுத்தை அடிக்கவும். எண்களும் நிறுத்தக்குறிகளும் அப்படியே.)

கேள்வி: அமெரிக்காவில் இருந்த பெரியப்பா தன்னுடைய கமடோர் 64 கம்ப்யூட்டர், அதன் 1541 ஃப்ளாப்பி டிரைவ் இரண்டையும் கொடுத்தார். 'ஃபார்மட் செய்து தயாராக உள்ளது' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆன்லைனில் 5.25 அங்குல டிஸ்க் பத்து வாங்கினேன். அதில் ஒன்றுக்கு 'கணக்கு', இன்னொன்றுக்கு 'பாட்டு' என்று, ஃபார்மட் செய்யும் நியூ கட்டளையில் பெயரை மட்டும் கொடுத்து வைத்தேன். கணக்கு டிஸ்க்கில் வேலை செய்துவிட்டு, பாட்டு டிஸ்க்கை மாற்றிப் போட்டு ஒரு புரோகிராமை சேவ் செய்தேன். இப்போது பாட்டு டிஸ்க்கின் தலைப்பில் 'கணக்கு' என்று வருகிறது. கீழே ஃபைல் பட்டியல் பாட்டினுடையதுதான். ஆனால் சில பழைய ஃபைல்கள் பாதியிலிருந்து வேறு புரோகிராமாகிவிடுகின்றன. கெட்டது டிஸ்க்கா, டிரைவா? விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (காட்பாடி வாசகர்)

பதில்: பெரும்பாலும் இரண்டுமே கெடவில்லை. உங்கள் பத்து டிஸ்க்குக்கும் ஒரே ஐடி இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி இதற்கே உரியது.

1541 டிரைவ் டிஸ்க்கை அடையாளம் காண்பது பெயரை வைத்து அல்ல. ஃபார்மட் செய்யும்போது கொடுக்கும் இரண்டெழுத்து ஐடி, டிராக் எனும் 35 வட்டப் பாதைகளில் உள்ள 683 செக்டர்களில் (தரவுத் துண்டுகளில்) ஒவ்வொன்றின் தலைப்பிலும் பதிகிறது. படிக்கும்போதும் எழுதும்போதும் டிரைவ் அதைத் தன் நினைவில் உள்ள ஐடியோடு ஒப்பிடும். ஒத்துப்போகாவிட்டால் '29, டிஸ்க் ஐடி மிஸ்மேட்ச்' என்ற பிழையோடு நின்றுவிடும். தொல்லையாகத் தோன்றினாலும் உங்கள் தரவைக் காப்பது அந்தப் பிழைதான்.

எந்த பிளாக் (செக்டரின் இன்னொரு பெயர்) காலி, எது நிரம்பியது என்ற பட்டியலுக்கு பாம் என்று பெயர். அது டிராக் 18, செக்டர் 0-ல் இருக்கிறது. டிரைவ் அதைத் தன் நினைவில் ஏற்றி வைத்துக்கொள்ளும். டிஸ்க் மாறினால் புதிதாக ஏற்ற வேண்டும். மாறியதை அது அறிவது, டிஸ்க் ஓரத்திலுள்ள வெட்டு வழியாகப் பார்க்கும் ஒளி சென்சார் மூலம். நாற்பது வருட டிரைவில் அந்த சென்சாரில் தூசி படிந்திருந்தாலோ, ஒளி மங்கியிருந்தாலோ மாற்றம் தவறிப்போகும். ஐடி வேறாக இருந்தால் பிழை 29 வந்து தடுத்திருக்கும். ஒன்றாக இருந்ததால், கணக்கு டிஸ்க்கின் காலி பிளாக் பட்டியலை வைத்துக்கொண்டு பாட்டு டிஸ்க்கில் எழுதிவிட்டது. கணக்கில் காலியாக இருந்த பிளாக்குகளில் சில, பாட்டில் நிரம்பியவை. அவற்றின் மேலேயே புதுப் புரோகிராம் உட்கார்ந்துவிட்டது.

தலைப்பு மாறியதற்கும் இதுவே காரணம். டிஸ்க்கின் பெயர் பாம் இருக்கும் அதே செக்டரில்தான் உள்ளது. சேவ் முடிந்ததும் டிரைவ் அந்த செக்டரை முழுதாகத் திருப்பி எழுதும்போது பெயரும் கூடவே போய்விட்டது. ஃபைல் பட்டியல் செக்டர் 1-லிருந்து தொடங்குவதால் அது தப்பியது. ஒவ்வொரு பிளாக்கின் முதல் இரண்டு பைட்டும் அடுத்த பிளாக்கின் இடத்தைச் சொல்லும். நடுவில் ஒரு பிளாக் மேலெழுதப்பட்டால் சங்கிலி புதுப் புரோகிராமுக்குள் போய்விடும். பாதியிலிருந்து வேறு புரோகிராம் தெரிவது அதனால்தான்.

பெயரை மட்டும் கொடுத்து நியூ செய்தால் டைரக்டரி, அதாவது ஃபைல் பட்டியல், மட்டுமே காலியாகும். செக்டர்களில் விற்றவர் பதித்த ஐடி அப்படியே இருக்கும். காற்புள்ளி போட்டு ஐடியும் கொடுத்தால்தான் முழு ஃபார்மட் நடக்கும்.

இனி செய்ய வேண்டியது. முதலில் அந்த டிஸ்க்கின் ஓர வெட்டை ஸ்டிக்கரால் மூடுங்கள். 5.25 அங்குல டிஸ்க்கில் வெட்டு மூடியிருந்தால் எழுத முடியாது. வேலிடேட் கட்டளையை இப்போது தொடவே தொடாதீர்கள். அது டைரக்டரியில் உள்ள ஃபைல்களைப் பின்தொடர்ந்து பாமைப் புதிதாகக் கட்டும், அவ்வளவுதான். மேலெழுதப்பட்ட பிளாக்கை மீட்காது. ஜியாஸ் என்ற ஐகான் வழி இயங்குதளத்தின் டிஸ்க்காக இருந்தால் 1541-ன் வேலிடேட் அதைக் கெடுத்தே விடும்.

அடுத்து, உண்மையான ஐடியைப் பாருங்கள். டைரக்டரியின் முதல் வரி வலது ஓரத்தில், '2ஏ' என்பதற்கு முன்னால் தெரியும் இரண்டெழுத்தை நம்ப வேண்டாம். அது பாம் செக்டரில் உள்ள வெறும் பிரதி. டிஸ்க் எடிட்டரால் யாரும் மாற்றியிருக்கலாம். செக்டர் தலைப்பில் உள்ளதைக் காட்டும் சிறு புரோகிராம் இது:

10 ஓப்பன்15,8,15,"ஐ0"
20 பிரிண்ட்#15,"எம்-ஆர்"சிஎச்ஆர்$(18)சிஎச்ஆர்$(0)சிஎச்ஆர்$(2)
30 கெட்#15,ஏ$,பி$
40 பிரிண்ட் ஏ$;பி$
50 குளோஸ்15

வரி எண்ணோடு அடித்து ரன் கொடுங்கள். கெட்# கட்டளையை வரி எண் இல்லாமல் நேரடியாக அடித்தால் 'இல்லீகல் டைரக்ட்' என்று வரும். பத்து டிஸ்க்கையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, வரும் இரண்டெழுத்தை உறையில் எழுதிவையுங்கள்.

பிறகு எந்தத் தரவும் இல்லாத ஒரு டிஸ்க்கை எடுத்துப் புது ஐடியோடு முழுதாக ஃபார்மட் செய்யுங்கள்: ஓப்பன்15,8,15,"என்0:பாட்டு2,பி2":குளோஸ்15. ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகும். முடிந்ததும் டைரக்டரியில் 664 பிளாக் காலி என்று வர வேண்டும். பழைய டிஸ்க்கிலிருந்து ஒரு பேசிக் புரோகிராமை லோட் செய்து, லிஸ்ட் போட்டுக் கடைசி வரி வரை படித்துப் பாருங்கள். சரியாக இருந்தால் டிஸ்க்கை மாற்றி, ஓப்பன்15,8,15,"ஐ0":குளோஸ்15 என்று கொடுத்துவிட்டு சேவ் செய்யுங்கள். ஒவ்வொரு முறை டிஸ்க் மாற்றும்போதும் இந்த 'ஐ0' கட்டாயம். பாமைப் புதிதாக ஏற்றச் சொல்வது அதுதான். கடைசியாக சேவ் செய்த புரோகிராம் முழுதாக இருக்கும். அதற்கு இடம் கொடுத்த பழைய ஃபைல்கள் திரும்பி வராது, வருத்தம்தான். நல்லவற்றை எடுத்து முடித்தபின் பழைய டிஸ்க்கை இன்னொரு ஐடியில் ஃபார்மட் செய்துகொள்ளலாம்.

டிஸ்க்கை முழுதாக நகலெடுக்கும் காப்பி மென்பொருள்களிடம் எச்சரிக்கை தேவை. பல, மூல டிஸ்க்கின் ஐடியையே நகலுக்கும் கொடுத்துவிடும். தனித்தனி ஃபைலாக நகலெடுப்பதே பாதுகாப்பு. எழுத்தும் எண்ணும் கலந்தால் 36 பெருக்கல் 36, அதாவது 1296 ஐடி கிடைக்கும். ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வந்தால் வீட்டு உபயோகத்துக்குத் தாராளம்.

பணம் திரும்பக் கேட்பதைப் பொறுத்தவரை, ஒரே ஐடியில் ஃபார்மட் செய்தது குறைபாடான பொருள் ஆகாது. டிஸ்க்குகள் படிக்கவும் எழுதவும் முடிகிறதே. ஆனால் புது ஐடியில் ஃபார்மட் செய்யும்போது 21, 23, 27 போன்ற படிப்புப் பிழைகள் வந்தால் கதை வேறு. அப்போது 'தயாராக உள்ளது' என்ற விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, பிழை தெரியும் திரையின் படம் மூன்றையும் வைத்து விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் தொடர்ந்து வியாபாரம் செய்பவர் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது பரண் சாமானை விற்ற தனி மனிதர் என்றால் இந்த வழி கைகொடுப்பது கடினம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க 1541 டிரைவ் 120 வோல்ட்டுக்கானது. பின்புற லேபிளைப் பார்க்காமல் நம் 230 வோல்ட்டில் செருகாதீர்கள், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கமடோரின் பவர் சப்ளை பழசானால் 5 வோல்ட் வரி எகிறி ரேம் சிப்களைச் சுட்டுவிடும். மல்டிமீட்டரில் 5.25-க்கு மேல் காட்டினால் கம்ப்யூட்டரோடு இணைக்க வேண்டாம்.

கேள்வி: டைரக்டரியில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் தெரிகிறது. ஒன்றைத்தான் திறக்க முடிகிறது. இன்னொன்றை அழிக்கவும் முடியவில்லை. ஒரே பெயரில் சேவ் செய்ய டிரைவ் விடாது என்றுதானே சொல்வார்கள்? (ஆம்பூர்)

பதில்: விடாதுதான். '63, ஃபைல் எக்சிஸ்ட்ஸ்' என்று சிவப்பு விளக்கு சிமிட்டும். ஆகவே உங்கள் இரண்டு பெயரும் அநேகமாக ஒன்றல்ல, கண்ணுக்குத்தான் ஒன்று. ஷிஃப்டோடு ஸ்பேஸ் தட்டினால் வரும் 160-ம் எண் குறியைப் பெயரின் முடிவு என்று டைரக்டரி எடுத்துக்கொள்கிறது. மூடும் மேற்கோள்குறியை அங்கேயே போட்டு, மிச்சத்தை அதற்கு வெளியே காட்டும். மேற்கோள்குறிக்குப் பின்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண ஸ்பேஸ் கடைசியில் இருந்தால் மேற்கோள்குறி ஓர் இடம் தள்ளி நிற்கும். சந்தேகமான இடத்தில் கேள்விக்குறி போட்டு லோட் செய்யலாம். அது எந்த ஓர் எழுத்துக்கும் பொருந்தும்.

எழுத்துக்கு எழுத்து உண்மையிலேயே ஒன்றாக இருந்தால், யாரோ டிஸ்க் எடிட்டரால் டைரக்டரியைத் திருத்தியிருக்கிறார்கள். டிரைவ் எப்போதும் மேலே உள்ளதையே எடுக்கும். முதலில் அதன் பெயரை மாற்றுங்கள்: "ஆர்0:புதுப்பெயர்=பழையபெயர்". புதுப்பெயர் முதலில் வர வேண்டும், பலரும் தலைகீழாக அடித்துவிடுகிறார்கள். அதன்பின் இரண்டாவது ஃபைல் தானாகக் கைக்கு வரும். அழிக்கும் 'எஸ்0' கட்டளையில் மட்டும் நட்சத்திரக் குறி வேண்டாம், பொருந்தும் அத்தனையும் போய்விடும். பழைய ஃபைலின் மேல் சேவ் செய்ய '@0:' என்று போடும் வழி 1541-ல் பிழையுள்ளது, வேறு ஃபைலைக் கெடுத்துவிடக்கூடும். முதலில் அழித்து, பிறகு சேவ் செய்யுங்கள்.

கேள்வி: இரண்டாவதாக ஒரு 1541 வாங்கினேன். தனித்தனியே இரண்டும் ஓடுகின்றன, சேர்த்துப் போட்டால் எதுவுமே லோட் ஆகவில்லை. (குடியாத்தம்)

பதில்: இரண்டும் 8 என்ற சாதன எண்ணுக்கே பதில் சொல்கின்றன. தற்காலிக வழி: ஒரு டிரைவை மட்டும் ஆன் செய்து ஓப்பன்15,8,15:பிரிண்ட்#15,"எம்-டபிள்யூ"சிஎச்ஆர்$(119)சிஎச்ஆர்$(0)சிஎச்ஆர்$(2)சிஎச்ஆர்$(41)சிஎச்ஆர்$(73):குளோஸ்15 என்று கொடுங்கள். அது 9 ஆகிவிடும். 41 என்பது 9-ம் 32-ம், 73 என்பது 9-ம் 64-ம். பிறகு இரண்டாவதை ஆன் செய்யலாம். கரண்ட் போனால் மீண்டும் 8. நிரந்தரமாக மாற்ற 1541-க்குள் இருக்கும் இணைப்புத் திட்டை வெட்ட வேண்டும், 1541-2 மாடலில் பின்னால் ஸ்விட்சே இருக்கிறது. மின்சாரம் ஓடும்போது சீரியல் கேபிளைப் பிடுங்கிச் செருகாதீர்கள், கம்ப்யூட்டரில் வெளி இணைப்புகளைக் கவனிக்கும் சிஐஏ சிப் போய்விடும்.

கேள்வி: என்னிடம் இருப்பது கமடோரின் அமிகா 500 கம்ப்யூட்டர், அதன் திரைச் சூழலான வொர்க்பெஞ்ச் 1.3, ஒரே டிரைவ். பாதி டிஸ்க்குகளின் பெயர் 'எம்ப்டி'. எதைப் போட்டாலும் வேறு டிஸ்க்கைக் கேட்கிறது. நகலெடுத்த வொர்க்பெஞ்ச் டிஸ்க்கும் அசலைக் கேட்கிறது. (ஆற்காடு)

பதில்: அமிகா ஒரு டிஸ்க்கை அதன் பெயரும் உருவான தேதி-நேரமும் சேர்ந்துதான் அறிகிறது. ஆகவே 'எம்ப்டி' என்ற இரண்டு டிஸ்க்கும் அதற்கு வேறு வேறு. திரையில் பெயர் மட்டும் வருவதால் எந்த எம்ப்டி என்று உங்களுக்குத்தான் தெரியவில்லை. செக்டருக்கு செக்டர் நகலெடுக்கும் மென்பொருளில் செய்த பிரதிக்குப் பெயரும் தேதியும் இரண்டுமே ஒன்றாகிவிடலாம், அப்போது அமிகாவே ஏமாறும். அப்படிப்பட்ட ஜோடியை வேலை நடுவில் மாற்றிப் போட்டால் டிஸ்க் கெடும்.

வொர்க்பெஞ்சில் ஐகானைத் தேர்ந்து மெனுவில் ரீநேம் கொடுப்பது எளிது. கட்டளை அடிக்கும் ஷெல்லில் செய்வதானால், ஒற்றை டிரைவில் 'ரீலேபிள் டிஎஃப்0:' என்று நேராக அடித்தால் உள்ளே இருக்கும் வொர்க்பெஞ்ச் டிஸ்க்கின் பெயரே மாறிவிடும். 'ரீலேபிள் ?' என்று மட்டும் அடியுங்கள். கட்டளை நினைவில் ஏறிக் காத்திருக்கும். அப்போது டிஸ்க்கை மாற்றி 'டிஎஃப்0: பாடம்1' என்று கொடுங்கள். பெயர் 30 எழுத்துக்குள், முக்காற்புள்ளியும் சாய்கோடும் இல்லாமல் இருக்கட்டும். நகல் அசலைக் கேட்பதற்குக் காரணம், அதன் பெயருக்கு முன்னால் 'காப்பி ஆஃப்' ஒட்டிக்கொண்டிருப்பது. அதை நீக்கி அசல் பெயரை வைத்தால் சரியாகிவிடும். அசலை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: காலி டிஸ்க் இன்னும் கொஞ்சம் வாங்க வேண்டும். ரிச்சி தெருவுக்குப் போனால் எதைப் பார்த்து வாங்குவது? (வாலாஜாபேட்டை)

பதில்: கிடைப்பதெல்லாம் பழைய இருப்புதான். சோனி நிறுவனமே ஜப்பானில் 2011-ல் ஃப்ளாப்பி விற்பதை நிறுத்திவிட்டது. 1541-க்கு டபுள் டென்சிட்டி டிஸ்க்தான் வேண்டும். 1.2 எம்பி ஹை டென்சிட்டி டிஸ்க்கின் காந்தப் பூச்சுக்கு இரண்டு மடங்கு பலமான புலம் தேவை. 1541 எழுதினாலும் அதில் நிற்காது. நடுத்துளையைச் சுற்றி வலுவூட்டும் வளையம் இருந்தால் பெரும்பாலும் டபுள் டென்சிட்டி. அமிகாவின் 3.5 அங்குலத்தில் இவ்வளவு கெடுபிடி இல்லை. 1.44 எம்பி டிஸ்க்கின் கூடுதல் துளையை டேப்பால் மூடி 880 கேபிக்கு ஃபார்மட் செய்யலாம், ஆனால் முக்கியமானதை அதில் வைக்காதீர்கள்.

கடையிலேயே உறையிலிருந்து எடுத்து, நடுவளையத்தை விரலால் சுழற்றி, ஜன்னல் வழியாகப் பூச்சைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ மங்கிய திட்டோ இருந்தால் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பரணில் கிடந்த பெட்டிகளில் இது சகஜம். அதை டிரைவில் போட்டால் ஹெட்டில் ஒட்டி அடுத்த நல்ல டிஸ்க்கையும் கீறும். ஹெட் அழுக்கானால் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து மெதுவாகத் துடைத்து, காய்ந்தபின் போடுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியிலோ காருக்குள்ளோ விடாதீர்கள். 'ஃபார்மட் செய்தது' என்பதற்காகக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நீங்களே ஒவ்வொன்றுக்கும் தனி ஐடி கொடுத்து ஃபார்மட் செய்யத்தான் போகிறீர்கள்.