சத்து ஊசி போடும் முன் ரத்தம் கொடுங்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. ஊர் பென்னாகரம் பக்கம். ஐந்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். ஆறு மாதமாக உள்ளங்கால் மதமதப்பு, அசதி, முடி கொட்டுகிறது. காலையில் முதுகு விறைத்துக் கிடக்கிறது. தர்மபுரி லேப் ஒன்றில் எல்லா வைட்டமினையும் பார்க்கிற பேக்கேஜ் இருக்கிறதாம். எடுக்கலாமா? வெறும் வயிற்றோடு போகணுமா?

பதில்: பேக்கேஜ் வேண்டாம் அம்மா. ஏ, ஈ, கே, பி1, பி6 என்று வரிசையாகப் பார்ப்பதால் உங்களுக்குப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. அத்தனை வரிகளில் ஒன்றிரண்டு தடித்த எழுத்தில் வரத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து இன்னொரு டப்பா மாத்திரை வாங்குவீர்கள்.

கடிதத்தில் என் கண் முதலில் போனது மெட்ஃபார்மின் மேல்தான். நல்ல மருந்துதான், ஆனால் வருடக்கணக்கில் சாப்பிடும்போது உணவிலுள்ள பி12 குடலில் சேர்வதைக் குறைத்துவிடும். அசிடிட்டி மாத்திரையும் தினம் போட்டால் இன்னும் குறையும். சாப்பாட்டையும் பாருங்கள். ராகிக் களியில் சுண்ணாம்புச் சத்து நிறைய, ஆனால் பி12 துளியும் கிடையாது. கீரையிலும் பருப்பிலும் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், கறி, இவற்றில்தான் உண்டு. பி12 குறைந்தாலும் கால் மதமதக்கும், அதனால் அதைச் 'சுகர் நரம்பு' என்று முடிவுகட்டும் முன் பி12 பார்த்தே ஆக வேண்டும். ஒரு மில்லி ரத்தத்துக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 200-க்கும் 300-க்கும் நடுவில் வந்தால், பி12 குறையும்போது ரத்தத்தில் கூடுகிற ஹோமோசிஸ்டீன் என்ற பொருளைப் பார்த்து உறுதி செய்யலாம். மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அசதி என்று கிளினிக் போனால் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஒரு சத்து ஊசி போட்டு அனுப்புவார்கள். பத்து நாள் கழித்து ரத்தம் கொடுத்தால் பி12 ஆயிரத்தைத் தாண்டி நிற்கும். 'எனக்குக் குறைவே இல்லையே டாக்டர்' என்பார்கள். அது ஊசியின் கணக்கு, உடம்பின் கணக்கு அல்ல. அதனால் முதலில் ரத்தம், பிறகு ஊசி.

கூடவே முழு ரத்த எண்ணிக்கையும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். பி12 குறைந்தால் சிவப்பணு அளவில் பெருக்கும், இரும்பு குறைந்தால் சிறுக்கும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் எம்சிவி என்கிற சராசரி அளவு நார்மலாக வந்து ஏமாற்றிவிடும். மாதவிலக்கு அதிகமாகப் போகிற பெண்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் பார்க்க வேண்டாம், உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். முடி கொட்டுவதற்குத் தைராய்டும் பார்க்கணும். ஆனால் முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டுப் போங்கள். சில லேப் மெஷின்களில் அது தைராய்டு எண்ணையே மாற்றிக் காட்டும்.

வைட்டமின் டி? பார்க்கலாம். ஒரு மில்லிக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. வெயில் கொளுத்துகிற ஊரில் எப்படி என்று கேட்பீர்கள். நாள் முழுக்க வீட்டுக்குள்ளும் கம்பெனிக்குள்ளும் இருந்தால் வெயில் எங்கே படும்? குறைவாக வந்தால் 60,000 யூனிட் பொடியை வாரம் ஒன்று என்று எழுதித் தருவார்கள். ஒரு பெரியவர் அதைத் தினம் ஒன்றாகப் பாலில் கலக்கிக் குடித்து, வாந்தியும் மலச்சிக்கலுமாக வந்து சேர்ந்தார். ரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது. பாக்கெட் மேல் கிழமையை எழுதி வையுங்கள்.

முதுகு விறைப்பை மட்டும் டி கணக்கில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு பழைய கதை. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்னும் போர் தண்ணீரையே குடிக்கிற வீடுகள் உண்டு. வருடக்கணக்கில் ஃப்ளோரைடு சேர்ந்தால் முதுகும் மூட்டும் இறுகும், டி குறைபாட்டு வலி போலவே தெரியும். வீட்டில் குழந்தைகளின் பல்லில் சுண்ணாம்பு வெள்ளையாகவோ காவியாகவோ திட்டு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முன்கைக்கும் முதுகுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த ரத்தப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை. அன்றைக்கே ஃபாஸ்டிங் சுகரோ ஹோமோசிஸ்டீனோ பார்ப்பதானால் மட்டும் சாப்பிடாமல் போங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். அங்கே செய்யாத பரிசோதனையை மட்டும் வெளியே எடுத்தால் செலவு குறையும். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கும்போதும் அதே லேப்புக்குப் போங்கள், லேப் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும்.

தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பார்க்கலாம். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் எடுத்துப் போங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். காய்ச்சினால் போகாது, வற்ற வற்றக் கூடத்தான் செய்யும்.