ஒளிப் பரிசோதனை இருந்தால் பயாப்ஸி வேண்டாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் ஹெச்.பி.வி. வைரஸுக்கான பரிசோதனையில் 16ஆம் வகை பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. பேப் ஸ்மியர் (கருப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) நார்மல். கால்போஸ்கோப்பி (கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது) செய்து, தேவைப்பட்டால் பயாப்ஸி எடுக்கலாம் என்கிறார் டாக்டர். சதையை எடுப்பார்கள் என்றாலே பயமாக இருக்கிறது. ஒளியைப் பாய்ச்சி, வலியில்லாமல் உடனே கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறதாமே? அதற்காகக் காத்திருக்கலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: காத்திருக்க வேண்டாம் அம்மா. டாக்டர் சொன்ன கால்போஸ்கோப்பிக்கு நாள் குறித்துவிடுங்கள். ஒளிக் கருவி பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அங்கே இருப்பது என்ன என்பதை இன்றைக்கும் பயாப்ஸிதான் உறுதியாகச் சொல்கிறது.

கருப்பை வாயில் புறஊதா ஒளியோ நீல ஒளியோ பட்டால், அந்தத் திசு தானாகவே மங்கலாக ஒளிரும். மேலே உள்ள செல்களில் ஆற்றல் உற்பத்திக்கு உதவும் என்.ஏ.டி.ஹெச்., எஃப்.ஏ.டி. என்ற மூலக்கூறுகளும், அடியில் உள்ள கொலாஜன் இழைகளும்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். செல்கள் புற்றுநோயை நோக்கித் திரும்பத் தொடங்கும்போது அவை ஆற்றலைச் செலவழிக்கும் விதம் மாறும். கொலாஜன் இழைகளின் பிணைப்பு தளரும். புதிய ரத்தக் குழாய்கள் உண்டாகி, அவற்றிலுள்ள ஹீமோகுளோபின் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். செல்லின் உட்கரு பெருப்பதால் ஒளி சிதறும் விதமும் வேறாகும். திரும்பி வரும் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் படிப்பதுதான் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு இடங்கள் அதில் வேறு வேறாகத் தெரியலாம். 1994இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நிர்மலா ராமானுஜம், ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டம் முதலானோர் 337 நானோமீட்டர் லேசரைக் கொண்டு இதைப் பெண்களிடமே நேரடியாகச் செய்து காட்டினார்கள். அருமையான வேலை அது.

அப்புறம் ஏன் இது இன்னும் பயாப்ஸியின் இடத்துக்கு வரவில்லை? சாதாரண அழற்சி இருந்தாலும் ரத்த ஓட்டம் கூடும், ஒளிர்வு மாறும். ஒருவகைச் செல் இயல்பாகவே இன்னொரு வகையாக மாறும் மெட்டாபிளேசியாவும் கருவியைக் குழப்பும். மாதவிடாய் நின்ற பிறகு கொலாஜனின் ஒளிர்வு கூடிவிடுவதால், 30 வயதுப் பெண்ணுக்கு வகுத்த அளவுகோல் 55 வயதுப் பெண்ணுக்குப் பொருந்தாது. இவை எல்லாவற்றையும்விட, கருப்பை வாயின் உட்குழாய்க்குள் ஒளிந்திருக்கும் மாற்றத்தை வெளியே இருந்து பாய்ச்சும் ஒளியால் எட்ட முடியாது. வயது ஏற ஏற, மாற்றம் தொடங்கும் பகுதி உள்ளே நகர்ந்துவிடும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

அமெரிக்காவில் லூமா என்ற ஒளிர்வுக் கருவிக்கு 2006இல் அந்நாட்டு மருந்து, மருத்துவக் கருவிகளுக்கான கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடைத்தது. அதுவும் கால்போஸ்கோப்பிக்குத் துணையாகத்தான். முதலில் வழக்கம்போல் பார்த்து, பயாப்ஸி எடுக்கும் இடங்களை டாக்டர் முடிவு செய்துவிட வேண்டும். விட்டுப்போன இடம் ஏதாவது உண்டா என்று பார்க்கவே கருவி. உங்கள் மருத்துவமனையில் இப்படி ஏதாவது ஒளிக் கருவி இருந்தால் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள், கெடுதல் இல்லை. ஆனால், "இதில் நார்மல், இனி எதுவும் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, உங்கள் டாக்டர் செய்யப்போவதும் ஒளியை வைத்துப் பார்ப்பதுதான். வினிகரில் உள்ள அதே அசெட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் தடவினால், மாறிய திசு ஒளியை அதிகமாகச் சிதறடித்து வெள்ளையாகத் தெரியும். இந்த எளிய முறையின் பலனை உங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வே உலகுக்குக் காட்டியது. பயிற்சி பெற்ற நர்சுகள் அமிலம் தடவி வெறும் கண்ணால் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கிடைக்கச் செய்ததில் கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் லான்செட் மருத்துவ இதழில் அது வெளியானது.

பேப் நார்மல்தானே என்று நீங்கள் நினைக்கலாம். பேப் சில மாற்றங்களைத் தவறவிடும். 16ஆம் வகைதான் இந்தப் புற்றுநோய்க்கு முதல் காரணம் என்பதால், பேப் நார்மலாக இருந்தாலும் கால்போஸ்கோப்பி பார்க்கச் சொல்கிறோம். இதற்கு உங்களுக்குப் புற்றுநோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கணவர் மேலோ உங்கள் மேலோ சந்தேகப்படவும் இதில் இடமில்லை. இந்த வைரஸ் எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. பல வருடங்களுக்கு முன்பு வந்து, வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம்.

மாதவிடாய் இல்லாத நாளில் போங்கள். இரண்டு நாள் முன்பிருந்தே தாம்பத்திய உறவும், உள்ளே வைக்கும் மாத்திரை, க்ரீம் எதுவும் வேண்டாம். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயாப்ஸியில் எடுப்பது சில மில்லிமீட்டர் திசுதான். நறுக்கென்று கிள்ளியது போலவோ, மாதவிடாய் வலி போலவோ இருக்கும். பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ரத்தம் நிற்க மருந்து தடவியிருந்தால் ஓரிரு நாள் காபித்தூள் நிறத்தில் கசியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மாதவிடாயைவிட அதிகமாக ரத்தம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, துர்நாற்றம் இருந்தாலோ மட்டும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.